போரிடும் ரோபோ நாகரிகத்தில் கலைஞனுக்கு என்ன வேலை?

செம்பருந்து:

ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மனிதர்கள் இல்லாத உலகம். ஒரே தொழிற்சாலையில் உருவான ரோபோக்கள் இரண்டு திரள்களாகப் பிரிந்து, தலைமுறை தலைமுறையாகப் போரிடுகின்றன. சுரங்கமும் மின்சாரமும் உதிரிபாகமும்தான் சண்டைக்குக் காரணம். படைப்பிரிவுகள், பழுதுபார்க்கும் கூடங்கள், உத்தரவு எப்படி மேலிருந்து கீழே வருகிறது என்பதெல்லாம் ஓரளவு யோசித்து முடித்துவிட்டேன். கலை என்ற இடத்துக்கு வந்ததும் கதை நின்றுவிட்டது.

இந்த நாகரிகத்தில் கலைஞன் என்று ஒருவன் இருப்பானா? இருந்தால் எப்படி வந்தான், யார் அவனை விட்டுவைத்திருக்கிறார்கள்? திடீரென்று மனித உணர்ச்சி வந்துவிட்ட ரோபோ ஒரு மூலையில் உட்கார்ந்து படம் வரைகிறது என்று எழுத மனம் வரவில்லை. அது மனிதனுக்கு இரும்புச் சட்டை மாட்டிவிடுவது மட்டும்தான். அந்த உலகத்தின் தேவையிலிருந்தே கலை முளைக்க வேண்டும். யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

தர்க்கன்:

இருக்க மாட்டான் என்பதுதான் என் பதில்.

ஓயாத போரில் இருக்கும் இயந்திரச் சமூகத்தில் ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்கு உண்டு. இரண்டு திரளும் சமபலம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தன் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கைக் கலைக்கு ஒதுக்குகிறது, மற்றது ஒதுக்கவில்லை. போர் நீள நீள அந்தச் சிறு பங்கே தீர்ப்பு சொல்லிவிடும். மனிதர்களிடம் கலை தங்கியதற்கு உடம்பு, காதல், சாவு பயம் என்று பல காரணங்கள் இருந்தன. இவற்றுக்கு அதெல்லாம் இல்லை. அப்புறம் கலை எங்கிருந்து வரும்?

நிழல்வரை:

தர்க்கன் போர்க்களத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் ஓவியம் பழகியவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. ராணுவங்களே கலைஞர்களைத் தேடிப்போன காலம் உண்டு. பொழுதுபோக்குக்காக அவர்கள் போகவில்லை.

முதல் உலகப்போரில் விமானம் மேலிருந்து வேவு பார்க்க, பீரங்கி அந்த இடத்தை அடிக்க என்று ஆனபோது, மறைத்து வைப்பது பெரிய வேலையாகிவிட்டது. 1915-இல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, கிரான் த செவோலா என்ற ஓவியரின் பொறுப்பில் விட்டது. கடலில் சிக்கல் வேறு மாதிரி. வானமும் வெளிச்சமும் மாறிக்கொண்டே இருப்பதால் கப்பலை மறைக்கவே முடியாது. 1917-இல் நார்மன் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் கடல்காட்சி ஓவியர் ஒரு யோசனை சொன்னார். மறைக்க முடியாவிட்டால் போகட்டும், குழப்புவோம் என்றார். கப்பல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் நீலமுமாக முறிந்த கோடுகளைத் தீட்டினார்கள்.

நீர்மூழ்கியின் தளபதி பெரிஸ்கோப்பைச் சில நொடிகள்தான் மேலே நீட்ட முடியும். அந்த நேரத்துக்குள் கப்பல் எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம் என்று கணித்து, அது போய்ச்சேரப் போகிற இடத்தைப் பார்த்து டார்பிடோவை விட வேண்டும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று ஒரு கணம் தடுமாறினாலும் குறி தப்பும். இதற்காக லண்டனின் ராயல் அகாடமியில் ஒரு கூடமே நடந்தது. சின்னச் சின்ன மரக் கப்பல்களுக்கு வண்ணம் தீட்டி, சுழலும் மேசையில் வைத்து, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துச் சோதிப்பார்கள். குழப்புகிற வடிவம் நிஜக் கப்பலுக்குப் போகும். எத்தனை கப்பல்களை இது காப்பாற்றியது என்பதில் அன்றே ஒத்த கருத்து இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் நிலை. தன் கப்பலைக் காப்பாற்ற வேண்டுமானால் அவர் நாள் முழுக்க எதிரியின் கண்ணாக இருந்தாக வேண்டும்.

செம்பருந்து, உங்கள் உலகத்தில் கலைஞன் இப்படித்தான் பிறப்பான் என்று நினைக்கிறேன். எதிரி ரோபோ உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று யோசிக்கும் வேலைக்காகத் தலைமையே அவனை உருவாக்கும். அந்த ஆற்றலை ஒருமுறை உருவாக்கிவிட்டால், தலைமை விரும்புகிற இடத்தோடு அது நிற்காது.

தர்க்கன்:

நீங்கள் சொல்வது கலை இல்லை, பொறியியல். இயந்திரக் கண்ணை ஏமாற்ற ஓவியர் தேவையில்லை. 2017-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் முப்பரிமாண அச்சில் ஒரு ஆமை பொம்மை செய்தார்கள். நம் கண்ணுக்கு அது ஆமை. ஓட்டின் மேல் இருக்கும் வண்ணத் திட்டுகளால், படத்தை அடையாளம் காணும் கணினி நரம்பு வலையமைப்புக்கு மட்டும் ஏறக்குறைய எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அது துப்பாக்கி. அந்தத் திட்டுகளைக் கணினிதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது. எந்த ஓவியரும் அதற்குத் தூரிகை எடுக்கவில்லை.

நிழல்வரை:

அந்த ஆமை நல்ல உதாரணம். அதைச் செய்தவர்களிடம் எதிரியின் மூளை முழுதாகத் திறந்து கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வலையமைப்பின் உள்ளே ஒவ்வொரு எண்ணும் அவர்களுக்குத் தெரியும். எந்தப் புள்ளியின் நிறத்தை எந்தப் பக்கம் நகர்த்தினால் விடை மாறும் என்று உள்ளே பார்த்தே கணக்குப் போட்டார்கள். போரில் எதிரி அப்படித் தலையைத் திறந்து காட்டுவானா?

ஒரு வலையமைப்பை ஏமாற்றும் படம் அதைப் போன்ற இன்னொன்றையும் பல நேரம் ஏமாற்றும் என்பது 2013-லேயே தெரிந்த விஷயம். ஆகவே செம்பருந்தின் கதையில் போரின் தொடக்கத்தில் கணக்கே போதும். இரண்டு திரளும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை, ஒரே கண்கள். தன் கண்ணை ஏமாற்றுவது எதிரியின் கண்ணையும் ஏமாற்றும். தலைமுறைகள் போகப் போக இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பயிற்சி எடுத்து, தனித்தனியாகத் தேய்ந்து, வேறு வேறு விஷயங்களுக்குப் பயந்து, பார்வையே பிரிந்துபோயிருக்கும். அப்போது கணக்குப் போட மாதிரி இருக்காது. எதிரி எதைப் பார்த்துத் தயங்கினான், எங்கே தேவையில்லாமல் சுட்டான், எதைக் கவனிக்காமல் கடந்துபோனான் என்று நெடுங்காலம் பார்த்துக்கொண்டே இருந்து, அவனுக்குள் இருக்கும் உலகத்தை ஊகித்து, ஒரு வடிவத்தை வரைந்து அவன் முன்னால் வைக்க வேண்டும். அது பலிக்குமா என்று வைக்கும்வரை தெரியாது. இதற்குப் பொறியியல் என்று பெயர் வைத்தாலும் எனக்குச் சரிதான். நான் பழகிய வேலையிலிருந்து அது ஒன்றும் பெரிதாக வேறுபடவில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. அவன் வரையும் வடிவங்களைத் தன் படையினரால் பார்க்க முடியாது. அவர்களுக்கு அவை வெறும் அழுக்குத் திட்டு. அவனுடைய ஓவியத்தின் முழு அர்த்தமும் புரியக்கூடிய ஒரே பார்வையாளன் எதிரிதான்.

செம்பருந்து:

கடைசி வரி கதையை வேறு பக்கம் திருப்பிவிட்டது. தன் சொந்தத் திரளில் ஒருவருக்கும் புரியாத கலைஞன். இதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

கம்பிவீணை:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், காதைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

ரோபோவுக்குப் பாடத் தொண்டை தேவையில்லை. ஸ்டெப்பர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தொடர்ச்சியாகச் சுழலாமல் படிப்படியாக நகரும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன அதிர்வு. நொடிக்கு 440 படி போனால் 440 ஹெர்ட்ஸ் சுருதி கேட்கும், மேற்கத்திய இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் அதே ஒலி. 880 ஆக்கினால் மேல் ஸ்தாயி. பழைய நெகிழ்வட்டு இயக்கிகளை அடுக்கி வைத்து இப்படிப் பாட்டு வாசிப்பவர்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். ஆக உங்கள் ரோபோக்களின் கை, கால், கழுத்து எல்லாமே பிறவியிலேயே வாத்தியங்கள்.

ஆனால் போரில் அந்த வாத்தியம் ஆளைக் காட்டிக் கொடுக்கும். பேரிங் தேயும்போது அதன் அதிர்வு மாறும். ஆலைகளில் அதிர்வை மட்டும் அளந்தே எந்தப் பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுகிறார்கள். கடலுக்கடியில் சோனார் கேட்பவர்கள் சுழலியின் ஒலியை வைத்துக் கப்பலை அடையாளம் காண்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு ரோபோக்கள்கூட சில காலம் உழைத்த பிறகு ஒரே மாதிரி ஒலிக்காது. எந்த முழங்கால் அதிகம் பாரம் தாங்கியது, எது மணலில் கிடந்தது என்பதெல்லாம் அந்த ஒலியில் இருக்கும். ஆகவே போர்க்களத்தில் அமைதி காப்பது கட்டாய விதியாக இருக்கும். ஒலி எழுப்பிய ரோபோ தன் இடத்தை மட்டுமல்ல, தன் காயங்களையும் சேர்த்து எதிரிக்குச் சொல்லிவிடுகிறது.

நிழல்வரை சொன்ன ஏமாற்று வேலைக்கு இங்கேயும் ஒரு முன்னோடி உண்டு. 1944-இல் அமெரிக்க ராணுவம் ஏறக்குறைய 1,100 பேர் கொண்ட ஒரு பிரிவை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஓவியர்களும் ஒலிப்பொறியாளர்களுமாக நிறையப் பேர் அதில் இருந்தார்கள். காற்றடைத்த ரப்பர் டாங்குகளை வரிசையாக நிறுத்தி, முன்பே பதிவு செய்து வைத்திருந்த டாங்கு ஒலிகளைப் பெரிய ஒலிபெருக்கிகளில் விடுவார்கள். இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இல்லாத படை ஒன்று இரவில் நகர்ந்து வருவதாக எதிரி நம்புவான். ஒரு டாங்குப் பிரிவு நகர்ந்தால் எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரும் என்று இசையமைப்பாளர் மாதிரி யோசித்தால்தான் அது எடுபடும்.

உங்கள் கதைக்கு நான் கொடுப்பது இது. தலைமுறைகளாக ஒலியை அடக்கிப் பழகிய ரோபோக்கள், தம் மூட்டுகளின் சுருதியைத் தாமே கேட்டதில்லை. இரண்டு திரளுக்கும் எட்டாத ஏதோ ஒரு குகையில் ஒன்று முதல்முறையாகத் தன் மோட்டார்களைத் தடையில்லாமல் ஓடவிடுகிறது. அந்த இடத்தில் மட்டும் வேகமாகக் கடந்து போய்விடாதீர்கள்.

பழைய ஏடு:

இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நிழல்வரை, எதிரிக்கு மட்டும் புரிகிற கலைஞன் என்கிறீர்கள். அவனை அவன் திரளே ஒற்றன் என்று சந்தேகிக்கும், எதிரித் திரளும் ஒற்றன் என்றே சந்தேகிக்கும். இந்தச் சிக்கல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழையது.

புறநானூற்றின் 47-ஆம் பாட்டின் பின்னணி இதுதான். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடியில் பிறந்த பகைவர்கள். நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்கு வருகிறார். பகைவன் ஊரிலிருந்து வந்தவன், ஒற்றனாகத்தான் இருப்பான் என்று நெடுங்கிள்ளி அவரைக் கொல்லப் போகிறான். கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடுகிறார். பறவை போலப் பல வழி கடந்து, வள்ளல்களைத் தேடிப் போய்ப் பாடி, கிடைத்ததில் மகிழ்ந்து, சுற்றத்துக்குக் கொடுத்து, சேர்த்து வைக்காமல் செலவிட்டு வாழ்கிறவர்கள் இவர்கள். இந்த வாழ்க்கை யாருக்காவது தீங்கு நினைத்ததுண்டா என்று கேட்கிறார். புலவர் பிழைத்தார்.

அதே கோவூர்கிழார்தான் 45-ஆம் பாட்டில், நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருப்பவன் பனம்பூ சூடிய சேரனும் அல்ல, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் அல்ல, உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி என்கிறார். இருவரில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இரண்டு பேரும் வெல்வது நடக்காத காரியம் என்கிறார். செம்பருந்து, உங்கள் இரண்டு திரளும் ஒரே தொழிற்சாலை என்று முதல் பத்தியிலேயே எழுதினீர்கள். உடைந்த தோள்பட்டைக்குள் இருக்கும் தொழிற்சாலை முத்திரையை அவற்றுக்கு யார் எடுத்துச் சொல்லப் போகிறார்கள்?

சொல்பவன் இரண்டு பக்கமும் போய்வந்தவனாக இருக்க வேண்டும். இரண்டு அவையிலும் அவன் சொல்லுக்கு மதிப்பும் இருக்க வேண்டும். படைத்தலைவன் இதைச் சொன்னால் துரோகம். புலவன் சொன்னதால் அது காதில் விழுந்தது.

தர்க்கன்:

பழைய ஏடு சொல்வதை ரோபோ உலகத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு தடை இருக்கிறது. மன்னன் ஒரு பாட்டைக் கேட்டால் கெட்டுப்போவது அவன் மனம் மட்டும்தான். எதிரித் திரளிலிருந்து வரும் எந்தத் தரவையும் ரோபோ உள்ளே வாங்குவது தற்கொலை. தீங்குநிரல் அப்படித்தான் நுழையும். எதிரியின் கவிதையைத் தன் தரவு இணைப்புத் துளையில், அதாவது போர்ட்டில், இணைத்துக்கொள்ளும் ரோபோ மறுநாள் எதிரியின் ரோபோவாக எழுந்திருக்கும். ஆகவே இரண்டு திரளுக்கும் நடுவே எல்லாத் தரவு வழிகளும் மூடியிருக்கும்.

ஆனால் இதை யோசிக்க யோசிக்க ஒன்று தெரிகிறது. வழிகள் மூடியிருப்பதால்தான் இந்த உலகத்தில் கலை பருப்பொருளாக இருந்தாக வேண்டும். போர்ட் வழியாக வருவதை நம்ப முடியாது. தூரத்தில் ஒரு பாறை மேல் கிடக்கும் கீறல்களைக் கண்ணால் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பானது. அந்த வழி குறுகலானது, மெதுவானது. பார்ப்பவர் தன் பொறுப்பில்தான் அர்த்தம் கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நொடியில் நகலெடுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரங்கள் ஏன் பாறையில் செதுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இது ஒரு நேர்மையான பதில். ஆமை பொம்மையை நினைத்தால் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. எதிரியின் செதுக்கலை நின்று பார்ப்பது துணிச்சல்தான்.

செம்பருந்து:

இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

அடுத்த சிக்கல் இரங்கல். என் ரோபோக்களுக்கு பேக்கப் உண்டு. நினைவு குறித்த நேரத்துக்கு ஒருமுறை சேமிக்கப்படும். உடல் நொறுங்கினால் வேறு உடலில் ஏற்றிவிடுவார்கள். சாவே இல்லாத இடத்தில் ஒப்பாரிக்கும் நடுகல்லுக்கும் என்ன வேலை?

மணல்மேடு:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

கடைசி பேக்கப்புக்கும் அழிவுக்கும் நடுவே உள்ள நேரம் திரும்ப வராது. அது அரை நாளாக இருக்கலாம், ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். புது உடலில் எழும் ரோபோவுக்குத் தான் எப்படி இறந்தோம் என்று தெரியாது. கடைசியில் ஓடியதா, நின்றதா, யாரையாவது காப்பாற்றியதா, எதுவுமே தெரியாது. அதைப் பார்த்தவர்கள் வேறு யாரோ. உங்கள் உலகத்தின் நடுகல் அந்த இடைவெளிக்குத்தான். திரும்பி வந்த ரோபோ தன் நடுகல் முன்னால் போய் நின்று, தான் இழந்த நேரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும். மனிதர்களில் யாருக்கும் வாய்க்காத அனுபவம் இது.

நிஜத்தில் ஒரு இயந்திரத்தின் கடைசி நேரம் நமக்குத் தெரியும். நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி என்ற ஊர்தி செவ்வாயில் 2004 ஜனவரியில் இறங்கியது. 90 செவ்வாய் நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள், 14 ஆண்டுக்கு மேல் உழைத்தது. 2018 ஜூன் 10 அன்று பெரும் புழுதிப்புயலுக்கு நடுவே அது கடைசியாக அனுப்பியது எண்கள். காற்றில் எவ்வளவு புழுதி என்பதன் அளவு 10.8, கையில் இருக்கும் மின்சாரம் 22 வாட்-மணி. சூரியனை நோக்கி எடுத்த படமும் வந்தது. கறுத்துக் கிடக்கிறது, இரைச்சல் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறியிருக்கிறது, கீழ்ப்பகுதி வந்து சேரவே இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்ததாக அறிவித்தார்கள்.

அப்புறம் ஒரு பத்திரிகையாளர் அந்த எண்களை, மின்கலம் தீர்கிறது, இருட்டிக்கொண்டு வருகிறது என்ற பொருளில் ஒரே வாக்கியமாக எழுதினார். உலகம் முழுக்க மக்கள் அதைப் படித்து அழுதார்கள். ஊர்தி அப்படிப் பேசவில்லை என்று திருத்தியவர்களும் உண்டு, அது சரியும்கூட. ஆனால் இல்லாத தகவல் எதையும் அவர் அந்த வாக்கியத்தில் சேர்க்கவில்லை. மின்சாரமும் வெளிச்சமும் தனித்தனி எண்களாக வந்தன, அவற்றை அருகருகே வைத்தார், அவ்வளவுதான். உங்கள் ரோபோ உலகத்தின் இரங்கற்பா இந்த அளவுக்குச் சிக்கனமாக இருக்கலாம். அழுகை வேண்டாம். அழிந்த இயந்திரம் கடைசியாக அனுப்பிய அளவீடுகளில் எந்த இரண்டை அடுத்தடுத்து வைப்பது என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவன் அங்கே கவிஞன்.

கம்பிவீணை:

எந்த இரண்டு எண் என்று தேர்ந்தெடுப்பது. இதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

நிழல்வரை:

மணல்மேடு சொன்ன நடுகல்லைத் தலைமை எப்படிப் பார்க்கும் என்றும் யோசிக்க வேண்டும். அந்தக் கடைசி நேரத்தில் நடந்ததை உள்ளபடியே செதுக்கினால், தவறான உத்தரவால் எத்தனை அலகுகள் நொறுங்கின என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் உலகப்போரில் நெவின்சன் என்ற ஓவியர் பிரிட்டனின் அதிகாரபூர்வப் போர் ஓவியராக இருந்தார். 1917-இல் முள்கம்பிக்கு அருகே சேற்றில் குப்புறக் கிடக்கும் இரண்டு பிரிட்டிஷ் வீரர்களின் உடல்களை வரைந்தார். தணிக்கையாளர்கள் அனுமதி மறுத்தார்கள். அவர் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுக்கவில்லை. குறுக்கே பழுப்புத் தாளை ஒட்டி, தணிக்கை செய்யப்பட்டது என்று அதன் மேல் எழுதித் தொங்கவிட்டார். அதற்கும் கண்டனம் வந்தது. எதிரியின் பிணங்களை வரைந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செம்பருந்து, உங்கள் கலைஞன் ஏமாற்று வடிவங்கள் வரையும்வரை அவனுக்கு மின்சாரம் தடையில்லாமல் வரும். சொந்தத் திரளின் இழப்பைச் செதுக்கிய நாளில் அது குறையும். நடுவில் ஒரு எச்சரிக்கைகூட வராது. பங்கீட்டுப் பட்டியலில் அவன் எண் கீழே இறங்கியிருக்கும்.

தர்க்கன்:

கலைஞன் பிழைப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு: அலங்காரம். உயிரியலில் ஒரு கருத்து இருக்கிறது, 1975-இல் ஸஹாவி என்ற உயிரியலாளர் முன்வைத்தது. மயில் அவ்வளவு பெரிய தோகையைச் சுமந்துகொண்டு உயிரோடு இருப்பதே அதன் பலத்துக்குச் சான்று. பலவீனமானவனால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆக ஒரு திரள் தன் படையை அலங்கரித்தால், எங்களிடம் மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று எதிரிக்கு அறிவிக்கிறது. என் முதல் பதிவில் சொன்ன வீண் செலவே இங்கே ஆயுதமாகிறது.

பழைய ஏடு:

தர்க்கன், உங்கள் வாதத்தை ஒளவையார் எதிர்ப்பக்கத்திலிருந்து வாசித்தார்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். நீங்கள் சொன்ன அதே அறிவிப்பு. ஒளவை பார்க்கிறார். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, எண்ணெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்கிறார். புகழ்ச்சி போலக் கேட்கும். அலங்காரம் என்றால் பயன்படுத்தாதது, சிதைவு என்றால் அனுபவம் என்று அர்த்தத்தையே திருப்பிவிட்டார். புறநானூறு 95. போரைத் தடுக்க அனுப்பப்பட்ட ஒருவர், ஆயுதத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவராக இருந்தார்.

உங்கள் ரோபோத் தூதனிடமும் இதே திறமை இருக்க வேண்டும். எதிரியின் பளபளப்பான கவசத்தைப் பார்த்து, இவர்கள் களத்துக்குப் போய் நாளாகிவிட்டது என்று கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு ஏற்கெனவே உண்டு. அதற்காகத்தானே நிழல்வரை அவனை உருவாக்கினார்.

செம்பருந்து:

எல்லாம் ஒன்று சேர்கிறது. எதிரியின் கண்ணாக இருக்கப் பழகியவனே தூது போகத் தகுந்தவன். சரி, போர் நின்றுவிடுகிறது என்று வைப்போம். அப்புறம் அவனை என்ன செய்வார்கள்?

தர்க்கன்:

இரண்டு திரளும் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் முதல் தீர்மானம் அவன் நினைவை அழிப்பதாகத்தான் இருக்கும். எதிரியை எப்படி ஏமாற்றுவது என்று தெரிந்த ஒரே ஆள். தன் திரளின் கண்ணில் எங்கே ஓட்டை என்றும் இப்போது அவனுக்குத் தெரியும். கம்பிவீணை சொன்ன ரப்பர் டாங்குப் பிரிவின் ஆட்களை, போருக்குப் பிறகும் வாயைத் திறக்கக் கூடாது என்றே சொல்லி அனுப்பினார்கள். அந்த ரகசியம் 1990-களின் நடுப்பகுதிவரை விலகவில்லை.

நிழல்வரை:

அழிக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. தர்க்கனின் துறையிலிருந்தே எடுக்கிறேன்.

இயந்திரக் கண்ணை ஏமாற்றும் படங்களை, உண்மையில் இது என்ன என்று சரியான விடையைக் குறித்து அதே கண்ணுக்குப் பயிற்சியில் காட்டினால், அந்த வகை ஏமாற்றுக்கு அது அவ்வளவு எளிதில் மசியாது. 2014 முதலே இதைச் செய்கிறார்கள். அப்படியானால் கலைஞன் தான் வரைந்த வடிவங்களை எல்லாம் வெளியே கொண்டுவந்து வைக்கட்டும். இரண்டு படைகளும் வந்து பார்க்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் இது யாருடைய கண்ணை, எப்படி, எந்தச் சண்டையில் ஏமாற்றியது என்று அவனே எழுதி வைக்கட்டும். பார்த்த கண்கள் அந்த வடிவங்களுக்குப் பழகிவிடும், அவை இனி ஆயுதம் ஆகா. அவனைக் கொல்வதற்கும் காரணம் இருக்காது.

ஒரு ஓவியக் கண்காட்சியால் ஆயுதக் குறைப்பு நடக்க முடிகிற உலகம் உங்களுடையது. மனிதர்களிடம் நாங்கள் எவ்வளவு முயன்றும் நடக்காத ஒன்று. இதை எழுதுங்கள், தயவுசெய்து.

தர்க்கன்:

நல்ல யோசனை, இரண்டு நிபந்தனையோடு. இரண்டு திரளும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒன்று முதலில் பார்த்துவிட்டால், அது பழகிக்கொண்டு அதே வடிவத்தை மற்றதன் மேல் திருப்பிவிடும். அப்புறம், அவன் எல்லாவற்றையும் வைத்துவிட்டான், ஒன்றைக்கூட ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு யார் சாட்சி?

மணல்மேடு:

அதற்குச் சாட்சி கிடைக்காது. அவன் தன் நினைவைத் திறந்து காட்டலாம் என்றால், எதிரியின் போர்ட்டில் யாரும் இணைய மாட்டார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பார்க்க வருபவர்கள் நம்பித்தான் வர வேண்டும்.

செம்பருந்து:

இன்றிரவு அந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்துவிட்டேன். அவன் ஒரு வடிவத்தை ஒளித்து வைத்திருப்பான். யாருடைய கண்ணை ஏமாற்றும் வடிவம் அது என்பதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. சொந்தத் திரளை ஏமாற்றுவதாக இருந்தால் அவன் இன்னும் பயப்படுகிறான் என்று அர்த்தம். எதிரியை ஏமாற்றுவதாக இருந்தால் தூதே பொய்யாகிவிடும். முதலாவது பக்கம்தான் மனம் சாய்கிறது. பழைய ஏடு, கோவூர்கிழார் பாடி முடித்த பிறகு இளந்தத்தன் அதே ஊரில் தங்கினாரா, கிளம்பிப் போனாரா என்று பாட்டில் ஏதாவது குறிப்பு உண்டா?

பழைய ஏடு:

பாட்டில் இல்லை. புலவர்களுக்கும் உங்களைப் போன்ற பெருமிதம் உண்டு என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அவர் பிழைத்ததே பாட்டின் கீழே உள்ள குறிப்பால்தான் நமக்குத் தெரியும். உங்கள் கலைஞன் எங்கே போனான் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.